மலைக்காற்றில் பேஸ் எழுப்பும் ஸ்பீக்கர் பெட்டி: முதன்முதலாகக் கட்டுபவர்களுக்கு

எட்டு அங்குல ஊஃபர் (பேஸ் எழுப்பும் பெரிய ஸ்பீக்கர்) ஒன்றைப் பெட்டி இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். அதன் நடுவில் இருக்கும் கூம்பு, அதாவது கோன், முன்னும் பின்னும் துடிக்கும், விரலில் அதிர்வு தெரியும், காதுக்கு மட்டும் பேஸ் வந்து சேராது. இப்போது ஓர் அட்டைப் பெட்டியில் வட்டமாக ஓட்டை வெட்டி, அதன்மேல் ஊஃபரை வைத்து அதே பாட்டைப் போடுங்கள். வெறும் அட்டைதான், இருந்தும் பேஸ் எழும்பி வரும். கோன் முன்னால் தள்ளும்போது முன்பக்கக் காற்று அமுங்குகிறது, அதே நேரம் பின்பக்கக் காற்று தளர்கிறது. நடுவில் தடுப்பு இல்லையென்றால் முன்காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடி இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஓட்டத்தைத் தடுப்பது பெட்டியின் முதல் வேலை. உள்ளே அடைபட்ட காற்றை ஒரு வில்லாக (ஸ்பிரிங்காக) மாற்றி, கோனின் அசைவுக்குக் கடிவாளம் போடுவது இரண்டாவது வேலை. பேஸ் நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான் இருக்கிறது.

என் முதல் பெட்டியைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்தேன். தூள் ஏற்றிய அந்தப் பிளைவூட் பெட்டிகள் ஒரு காலத்தில் எங்கள் தோட்டத்தில் பல வீடுகளில் அரிசிப் பெட்டியாகவும் புத்தகம் வைக்கும் தட்டாகவும் இருந்தன. மெல்லிய பலகை. பாட்டுப் போட்டால் ஸ்பீக்கரைவிடப் பலகைதான் அதிகம் பாடியது. அளவும் கையில் கிடைத்த பலகைக்கு ஏற்றபடி எடுத்ததுதான். இன்றைக்கும் பலர் அப்படித்தான் கட்டுகிறார்கள்: ஊஃபரை வாங்கி, கண்ணுக்கு அழகான அளவில் பெட்டி அடித்து, பேஸ் வரவில்லை என்றதும் அம்ப்ளிபயரைக் குறை சொல்கிறார்கள். உங்கள் கையில் இருக்கும் ஊஃபரை உங்கள் ஊரிலேயே அளந்து, அந்த அளவுக்குப் பெட்டி கட்டுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு மலைநாட்டில் தனியாக ஒரு காரணம் உண்டு, அதைக் கொஞ்சம் பின்னால் சொல்கிறேன்.

எவ்வளவு ஆழம் வேண்டும்

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 41 அதிர்வில், ஒலிக்கிறது. எண்பதுகளின் திரைப்பாடல்களில் நாம் ரசிக்கும் பேஸ் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆகவே 40 ஹேர்ட்ஸ் வரை உண்மையாக இறங்கும் பெட்டி ஒரு வீட்டுக்குத் தாராளமாகப் போதும். 20 ஹேர்ட்ஸ் வேண்டும் என்று தொடங்கினால் பெட்டி அலுமாரி அளவுக்குப் போய்விடும்.

ஊஃபர் வாங்கும்போது

கொழும்புக்குப் போனால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம். பழைய செட்டுகளில் இருந்து கழற்றியவையும் நல்லவைதான். கோனைச் சுற்றி இருக்கும் வளையத்தை மட்டும் கவனியுங்கள். ஸ்பொஞ் வளையம் நமது ஈரத்தில் சில வருடங்களில் பொடியாக உதிர்ந்துவிடும். ரப்பர் வளையம் நிற்கும். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்ப வேண்டாம். ஒருமுறை நான் வாங்கிய ஊஃபரில் ஒட்டியிருந்த விவரச் சீட்டுக்கும் உள்ளே இருந்த பொருளுக்கும் சம்பந்தமே இல்லை. அன்றிலிருந்து எதையும் அளக்காமல் நான் பலகையில் கை வைப்பதில்லை.

அளப்பது

மூன்று எண்கள் தெரிந்தால் போதும். ஊஃபரின் சொந்தப் பரிவு மீடிறன், அதாவது கோன் தானாகவே அதிர விரும்பும் வேகம், எஃப்.எஸ். அந்தப் பரிவு எவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பது கியூ.டி.எஸ். கோனைத் தாங்கும் வளையமும் தொங்கலும் எத்தனை லீட்டர் காற்றின் வில்லுக்குச் சமம் என்பது வி.ஏ.எஸ். இந்த எண்களை வைத்துப் பெட்டியைக் கணக்கிடும் வழியை 1961ல் அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் எழுதினார். எழுபதுகளின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்தார். அதற்கு முன் நல்ல பெட்டி அமைவது பெரும்பாலும் கைப்பழக்கத்தாலும் அதிர்ஷ்டத்தாலும்தான்.

வேண்டியவை: ஒரு அம்ப்ளிபயர், டோன் எழுப்பும் செயலி உள்ள போன், 1000 ஓம் தடை ஒன்று, 10 ஓம் தடை ஒன்று, ஆடலோட்டத்தில் (ஏ.சி.) 2 வோல்ட் வரையான வீச்சு உள்ள மல்டிமீட்டர். மிக மலிவான மீட்டர்களில் ஆடலோட்டம் 200 வோல்ட்டில்தான் தொடங்கும். அது இதற்கு உதவாது.

முதலில் மீட்டரை ஓமில் வைத்து ஊஃபரின் நேரோட்டத் (டி.சி.) தடையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் உதாரணத்தில் 6 ஓம். பிறகு அம்ப்ளிபயரின் வெளியீட்டை 1000 ஓம் தடை வழியாக 10 ஓம் தடைக்குக் கொடுத்து, 10 ஓமின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள். 0.100 வோல்ட் காட்டும் வரை வொலியூமைக் கூட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். இனி அந்தக் குமிழைத் தொடக்கூடாது. 10 ஓம் தடையை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஊஃபரை இணைத்தால் மீட்டரில் 0.180 என்றால் 18 ஓம், 0.540 என்றால் 54 ஓம். சிறு பிழை இருக்கும், பெட்டி கட்ட இது போதும்.

ஊஃபரை மேசையில் கவிழ்க்காமல், காற்றில் நிமிர்ந்து நிற்கும்படி பிடித்துக்கொண்டு, 15 ஹேர்ட்ஸில் இருந்து மெதுவாக மேலே ஏற்றுங்கள். மீட்டர் ஏறி ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்கும். உச்சம் வரும் மீடிறன்தான் எஃப்.எஸ். எங்களுடையது 40 ஹேர்ட்ஸ், அங்கே 54 ஓம். 54ஐ 6ஆல் வகுத்தால் 9. அதன் வர்க்கமூலம் 3. இப்போது 6ஐ 3ஆல் பெருக்கி, 18 ஓம் காட்டும் இரண்டு இடங்களைத் தேடுங்கள்: உச்சத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. இங்கே 26.7 ஹேர்ட்ஸும் 60 ஹேர்ட்ஸும் வந்தன. அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி: அந்த இரண்டையும் பெருக்கினால் 40இன் வர்க்கத்துக்கு, அதாவது 1600க்கு, கிட்ட வர வேண்டும். வருகிறது. இரண்டுக்கும் இடைவெளி 33.3. அதை வர்க்கமூலமான 3ஆல் பெருக்கினால் 100. 40ஐ 100ஆல் வகுத்தால் 0.40. அதுதான் கியூ.டி.எஸ்.

வி.ஏ.எஸ். கண்டுபிடிக்கக் கொள்ளளவு தெரிந்த ஒரு மூடிய பெட்டி வேண்டும். தனியாகச் செய்யத் தேவையில்லை. உறுதியான பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் காற்றுப் புகாமல் அடைத்தால் சரி. கொள்ளளவு தெரியாவிட்டால் உள் அளவுகளைச் சென்ரிமீட்டரில் எடுத்து மூன்றையும் பெருக்கி 1000ஆல் வகுங்கள். எங்களிடம் இருந்தது 25 லீட்டர். ஊஃபரை அதில் பொருத்தி மறுபடியும் உச்சத்தைத் தேடினால் 69 ஹேர்ட்ஸ். 69ஐ 40ஆல் வகுத்து வர்க்கித்தால் ஏறத்தாழ 3. ஒன்றைக் கழித்தால் 2. 25 லீட்டரின் இரண்டு மடங்கு 50 லீட்டர். வி.ஏ.எஸ். 50.

இனி மலைக்காற்றின் கதை

தோட்டத்தின் மேற்கணக்கில் (மேல் டிவிசனில்) இருந்து ஒரு தம்பி இப்படி அளந்துவிட்டு வந்து, “அண்ணே, நான் அளந்தது பிழை. விவரத்தாளில 58 லீட்டர் போட்டிருக்கு, எனக்கு 50தான் வருது” என்றார். அவர் அளந்தது சரி. விவரத்தாள் கடல்மட்டக் காற்றுக்கு எழுதப்பட்டது. பெட்டிக்குள் இருக்கும் காற்றுவில்லின் விறைப்பு வளிமண்டல அமுக்கத்தைப் பொறுத்தது. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அமுக்கம் கடல்மட்டத்தில் இருப்பதில் 86 சதவீதம் அளவு. 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் 80 சதவீதம். காற்று தளர்வான வில்லாக இருப்பதால், ஊஃபரின் தொங்கலுக்குச் சமமாகக் கொஞ்சக் காற்றே போதும். 58இன் 86 சதவீதம் 50. தம்பியின் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

விவரத்தாளை நம்பிக் கட்டியிருந்தால் துளைப் பெட்டி (குழாய் வைத்த பெட்டி, கீழே வருகிறது) 63 லீட்டருக்குப் போயிருக்கும். ஹட்டன் காற்றுக்குத் தேவை 54தான். நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு வித்தியாசம் இன்னும் கூடும். பெட்டி பெரிதானால் பேஸ் செத்துவிடாது, ஆனால் பிடிப்புக் குறையும், பலகையும் இடமும் வீண். குளிர் வேறு விஷயம். ஒலியின் வேகம் 30 பாகையில் வினாடிக்கு 349 மீட்டர், 15 பாகையில் 340 மீட்டர். குழாயின் சுருதி அதனால் ஒரு ஹேர்ட்ஸ் இறங்கும், காதுக்குத் தெரியாது.

மூடிய பெட்டியா, துளைப் பெட்டியா

மூடிய பெட்டியில் காற்று முழுவதும் அடைபட்டிருக்கும். 1954ல் எட்கர் வில்ச்சர் இந்த அடைபட்ட காற்றையே முக்கிய வில்லாக்கி, சிறிய பெட்டியிலும் ஆழமான பேஸைக் கொண்டுவந்தார். துளைப் பெட்டியில் ஒரு குழாய் இருக்கும். போத்தலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருகிறதே, அதே வேலைதான். ஊஃபர் களைக்கும் இடத்தில் குழாயில் இருக்கும் காற்று அதற்குக் கைகொடுக்கிறது. குழாயின் சுருதிக்குக் கீழே போனால் கைகொடுக்க ஒன்றும் இல்லை; கோன் கட்டில்லாமல் ஆடும், ஒலியும் சட்டென விழும். மூடிய பெட்டியில் ஒலி ஒவ்வோர் அட்டமத்துக்கும் (மீடிறன் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபெல் வீதம் சரியும், துளைப் பெட்டியில் 24 வீதம்.

முதல் தடவை கட்டுபவர் மூடிய பெட்டியில் தொடங்குவதுதான் நல்லது என்பது என் கருத்து. அளவில் பத்து சதவீதம் தவறினாலும் அது மன்னித்துவிடும். கியூ.டி.எஸ். 0.5க்கு மேல் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மூடிய பெட்டிதான். 0.3க்கும் 0.4க்கும் இடையில் இருந்தால் துளைப் பெட்டி நன்றாக வரும்.

மூடிய பெட்டிக்குக் கணக்கு: 0.707ஐக் கியூ.டி.எஸ்.ஆல் வகுத்து, வர்க்கித்து, ஒன்றைக் கழியுங்கள். அந்த எண்ணால் வி.ஏ.எஸ்.ஐ வகுத்தால் பெட்டியின் லீட்டர். எங்களுக்கு 0.707ஐ 0.40ஆல் வகுக்க 1.77, வர்க்கம் 3.12, ஒன்று கழிய 2.12, 50ஐ அதனால் வகுக்க 23.5 லீட்டர். பேஸ் 71 ஹேர்ட்ஸ் வரை இறங்கி அங்கிருந்து மெல்லச் சரியும். சின்னக் காம்பராவில் (அறையில்) சுவர்களே கீழ்ப்பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடும்.

துளைப் பெட்டிக்கு: கியூ.டி.எஸ். 0.30 என்றால் வி.ஏ.எஸ்.ஐ 0.47ஆல் பெருக்குங்கள், 0.35 என்றால் 0.74ஆல், 0.40 என்றால் 1.08ஆல். குழாயின் சுருதிக்கு எஃப்.எஸ்.ஐ அதே வரிசையில் 1.24, 1.08, 0.96ஆல் பெருக்குங்கள். எங்களுக்கு 54 லீட்டர், 38 ஹேர்ட்ஸ். மூடிய பெட்டியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிது, ஆனால் பேஸ் 38 வரை இறங்கும். கணினி இருந்தால் வின்-ஐ-எஸ்-டி என்ற இலவச மென்பொருளில் இதே எண்களைக் கொடுத்து வளைகோட்டைப் பார்க்கலாம். ஒருமுறையாவது கையால் கணக்கிட்டுவிட்டு அதற்குப் போங்கள். எந்த எண் எதை மாற்றுகிறது என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

குழாய்

தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் பி.வி.சி. போதும். நாலங்குலக் குழாயின் உள்விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். 10 சென்ரிமீட்டர் என்று வைப்போம். விட்டத்தின் வர்க்கத்தை 23,562ஆல் பெருக்கி, சுருதியின் வர்க்கத்தாலும் லீட்டராலும் வகுத்து, கடைசியில் விட்டத்தின் 0.73 பங்கைக் கழிக்க வேண்டும். 100ஐ 23,562ஆல் பெருக்கி, 1444ஆலும் 54ஆலும் வகுக்க 30.2 வரும், 7.3ஐக் கழிக்க 22.9. ஆகவே 23 சென்ரிமீட்டர் நீளம். மூன்றங்குலக் குழாய் போட்டால் 11 அல்லது 12 சென்ரிமீட்டரில் முடிந்துவிடும். குழாய் மிச்சம்போலத் தோன்றும். ஆனால் சத்தமாகப் போட்டால் காற்று அதில் சீறும். குழாய் அகலமாக இருப்பதே நல்லது. உள்முனைக்கும் பின்பலகைக்கும் இடையில் குறைந்தது ஒரு விட்டம் அளவு இடம் விடுங்கள். நீளத்தை 25 ஆக வெட்டி வையுங்கள், பிறகு குறைக்கலாம்.

பலகையும் வெட்டும்

54 லீட்டர் என்பது காற்றுக்கு மட்டும். ஊஃபரின் காந்தம், குழாய், உள்ளே போடும் தாங்குகட்டை எல்லாம் சேர்ந்து 5 லீட்டர் பிடிக்கும். ஆகவே 59. உள் அளவாக அகலம் 27, ஆழம் 36, உயரம் 61 சென்ரிமீட்டர் எடுத்தால் கணக்குச் சரி. மூன்று பக்கமும் ஒரே அளவாக வரும் பெட்டியைத் தவிருங்கள். ஒரே மீடிறன் மூன்று திசையிலும் கூடி நின்று குரலைக் குடத்துக்குள் பேசுவதுபோல ஆக்கும்.

18 மில்லிமீட்டர் பலகை எடுங்கள். எம்.டி.எஃப். (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) வெட்டச் சுலபம், ஒலிக்கும் நல்லது, ஆனால் வட்டவளை, நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மே மாதம் தொடங்கும் மழைக்கு அது ஓரங்களில் பாண்போல ஊதிவிடும். நான் ஈரம் தாங்கும் பிசினில் செய்த பிளைவூட்டைத்தான் சொல்வேன். சிப்போர்ட் பக்கம் போகவே வேண்டாம். எட்டுக்கு நாலு அடிப் பலகை ஒன்றில் இரண்டு பெட்டி வரும், தாங்குகட்டைக்கும் மிஞ்சும். ஒரு பெட்டிக்கு முன்னும் பின்னும் 30.6க்கு 64.6 அளவில் இரண்டு, பக்கங்களுக்கு 36க்கு 64.6 அளவில் இரண்டு, மேலும் கீழும் 27க்கு 36 அளவில் இரண்டு. மூலை மட்டத்தில் பிசகு வந்தால் காற்றுக் கசியும். கைவாள் பழக்கம் இல்லாவிட்டால் பலகை வாங்கும் இடத்திலேயே மெசினில் வெட்டித் தரச் சொல்லுங்கள்.

ஒட்டுவதும் அடைப்பதும்

மரப்பிசினைத் தாராளமாகப் பூசி, ஆணி அடிக்காமல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். ஒட்டியபின் உள்பக்க மூலைகள் எல்லாவற்றிலும் மரத்தூளும் பிசினும் குழைத்து விரலால் தடவுங்கள். பக்கப் பலகைகளுக்கு நடுவே குறுக்காக ஒரு தாங்குகட்டை வேண்டும். நடு மையத்தில் வைக்காமல் கொஞ்சம் விலக்கி வையுங்கள். விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். தொம் என்று நீளமாக வந்தால் பலகை பாடுகிறது, இன்னொரு கட்டை போடுங்கள். டக் என்று செத்த சத்தம் வந்தால் சரி.

கசிவைப் பிடிப்பதுதான் பலர் விட்டுவிடும் படி. மூடிய பெட்டியில் கோனை இரண்டு கைவிரல்களாலும் மெதுவாக அமுக்கி, சில வினாடி பிடித்துவிட்டு விடுங்கள். தயங்கித் தயங்கித் திரும்பி வந்தால் நல்ல அடைப்பு. சட்டெனத் துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. அப்போது 30 ஹேர்ட்ஸ் டோனை மெல்லிய அளவில் விட்டு, கதவு ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். கசியும் இடத்தில் புகை வெட்டி வெட்டி ஆடும். கம்பி போகும் துளையும் ஊஃபரின் விளிம்பும்தான் வழக்கமான குற்றவாளிகள். துளைப் பெட்டியை இப்படிச் சோதிக்கும்போது குழாயின் வாயைத் துணியால் இறுக்கி அடைத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுக்குத் தலையணைப் பஞ்சு போதும். மூடிய பெட்டியில் தளர்வாக நிரப்பலாம். துளைப் பெட்டியில் சுவர்களில் மட்டும் ஒட்டி, குழாயின் உள்வாயைத் திறந்த வெளியாக விடுங்கள். இலவம்பஞ்சும் வேலை செய்யும், ஆனால் ஈரம் இழுக்கும், எலிக்கும் பிடிக்கும். வார்னிஷோ பெயின்டோ எதுவானாலும் உள்ளும் வெளியும், முக்கியமாக வெட்டிய ஓரங்களில், இரண்டு பூச்சு.

காம்பராவில் வைப்பது

லயக் காம்பரா (தோட்டத்து வரிசை வீட்டின் அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி என்றால், நீளவாக்கில் 47 ஹேர்ட்ஸிலும் அகலவாக்கில் 57 ஹேர்ட்ஸிலும் அறையே பரிவில் ஒலிக்கும். ஓர் இடத்தில் பேஸ் குவியும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். பெட்டியை முதலில் நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடத்திலேயே வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவரோரமாகக் குனிந்து நடந்து, எந்த இடத்தில் பேஸின் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த இடத்துக்குப் பெட்டியை மாற்றுங்கள். மூலையில் வைத்தால் பேஸ் கூடும், குழம்பவும் செய்யும்.

தகரக் கூரை நடுங்கினால் அது பெட்டியின் குறை இல்லை. கூரையின் ஆணிகளைப் பாருங்கள். பக்கத்துக் காம்பராவுக்கும் உங்களுக்கும் ஒரே சுவர். பேஸ் அந்தச் சுவரைச் சுலபமாகக் கடக்கும். அங்கே சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம், விடியற்காலையில் மலைக்கு வேலைக்குப் போக வேண்டிய அம்மா தூங்கிக்கொண்டிருக்கலாம். பழைய டயர் டியூபை வெட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். இரவில் வொலியூமையும் குறைத்துவிடுங்கள்.

கடைசியாகச் சுருதி

துளைப் பெட்டி என்றால் ஒரு வேலை மிச்சம். குழாயை இன்னும் ஒட்டாமல், இறுக்கமாகச் செருகி மட்டும் வையுங்கள். மிதமான அளவில் 50 ஹேர்ட்ஸில் இருந்து ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். ஓர் இடத்தில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அதே நேரம் குழாயின் வாயில் கையை வைத்தால் காற்று பலமாக அடிக்கும். அதுதான் பெட்டியின் உண்மையான சுருதி. குழாயை 25 சென்ரிமீட்டராக வெட்டியதால் 37க்குப் பக்கத்தில் வரும். அரை சென்ரிமீட்டராகக் குறைத்துக்கொண்டே வந்து, 38இல் கோன் நின்றதும் குழாயைச் சுற்றிப் பிசின் பூசி, ஓர் இரவு முழுக்கக் காயவிடுங்கள்.